கிடப்பில் போட்ட அவுட்போர்டு மோட்டாரை ஓட வைப்பது எப்படி: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்கள் கொட்டகை மூலையில் பல ஆண்டுகள் சாய்ந்து கிடப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து நின்றவை அல்ல. உப்பு அடைத்து, பழைய பெட்ரோல் பிசின்போல் இறுகி, ரப்பர் காய்ந்து நின்றவை. இவை மூன்றையுமே வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யலாம். ஆனால் சோதிக்கும் வரிசை மாறக்கூடாது: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம்), பிறகு கரண்ட் (பிளக்கில் வரும் தீப்பொறி), பிறகு எரிபொருள், அதன்பின் தண்ணீர், கடைசியில் கீர். வரிசையை விட்டு எடுத்த எடுப்பில் கார்ப்பரேட்டர் வாங்கிப் பொருத்துபவர்கள்தான் மோட்டார் விலைக்கு மேல் உதிரிபாகத்துக்குச் செலவழிக்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் யமஹா 9.9, 15 குதிரைத்திறன் மோட்டார்களை. இரண்டும் 246 சிசி. குமரியிலும் கேரளக் கரையிலும் வட இலங்கையிலும் இந்த வகைச் சிறிய டூ-ஸ்ட்ரோக்குகள் ஏராளம். பாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். வேறு கம்பெனி டூ-ஸ்ட்ரோக் என்றாலும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும். நீண்ட வால் டீசல் இன்ஜின்களுக்கு இது பொருந்தாது.

கயிற்றை இழுக்காதீர்கள்

பழைய மோட்டார் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்ப்பது. சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருந்தால் அந்த ஒரே இழுப்பில் பிஸ்டன் ரிங் உடையலாம். கீழே தண்ணீர் பம்புக்குள் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்து, துண்டுகள் குளிர்விக்கும் வழிக்குள் ஏறி அடைத்துக்கொள்ளலாம்.

முதலில் மோட்டாரைப் பலகையில் நேராக மாட்டுங்கள். தூக்கிவரும்போதும் இன்ஜின் பக்கம் எப்போதும் மேலேயே இருக்கட்டும். தலைகீழானால் கால் பகுதியில் தேங்கிய உப்புத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். நியூட்ரலில் போடுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 15 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இன்ஜினின் உச்சியில் உள்ள கனத்த சக்கரமான பிளைவீலைக் கையால் மெதுவாக, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுற்றிப் பாருங்கள். எதிர்ச்சுற்று வேண்டாம், இம்பெல்லர் இதழ் மடங்கிவிடும்.

சுற்றவில்லை என்றால் உடனே இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் பம்பும் கீரும் உள்ள கீழ்ப்பகுதியைக் கழற்றுங்கள், இம்பெல்லருக்காக அதை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். கழற்றியதும் பிளைவீல் சுற்றினால், பிடித்துக்கொண்டிருந்தது பம்போ கீரோதான். அப்போதும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன்தான் ஒட்டியிருக்கிறது. டீசலும் ஆட்டோமேட்டிக் கீர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து பிளக் துளைவழியே ஊற்றி மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஊறவிடுங்கள். பிறகு பிளைவீல் நட்டில் சாக்கெட் போட்டு, நீண்ட கைப்பிடியால் இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். நட்டின் தலையில் சுத்தியல் மட்டும் படக்கூடாது. கிராங்க் வளைந்தால் அந்த மோட்டார் பாகத்துக்குத்தான் ஆகும்.

கம்ப்ரஷன்

மேலே செலவழிக்கலாமா வேண்டாமா என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும். வாங்குமுன் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. 14 மி.மீ. மரை கொண்ட கம்ப்ரஷன் கேஜ் பைக் மெக்கானிக்கிடம் இரவல் கிடைக்கும்.

இரண்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். பிளக் வயர்களை இன்ஜின் உலோகத்தோடு சேர்த்து எர்த் செய்யுங்கள். வெறுமனே தொங்கவிட்டுச் சுற்றினால் சிடிஐ (பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் மின்னணுப் பெட்டி) எரிந்துபோக வாய்ப்புண்டு. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பை உருவிவிடுங்கள். திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, கேஜ் முள் ஏறி நிற்கும்வரை ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். பிறகு அடுத்த சிலிண்டர்.

90 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்து, இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் தைரியமாக இறங்கலாம். மண்ணெண்ணெய்க்கான மாடல்களில் கம்ப்ரஷன் பிறவியிலேயே குறைவு. அங்கே கேஜ் காட்டும் அளவைவிட இரண்டு சிலிண்டரின் சமநிலைதான் முக்கியம். ஒன்று 110, இன்னொன்று 60 என்று வந்தால் 60 காட்டிய சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும். ஏறவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். கேஸ்கெட் என்றால் மலிவு. பல ஆண்டு கிடந்த மோட்டாரில் கரி பிடித்து ஒட்டிய ரிங் ஓடும்போது இளகி, கம்ப்ரஷன் 10–15 பி.எஸ்.ஐ. ஏறுவதும் உண்டு. அதனால் 80-ஐப் பார்த்ததும் மனம் உடையத் தேவையில்லை. 60-க்குக் கீழே என்றால் ஹெட்டைக் கழற்றி சிலிண்டர் சுவரைப் பார்க்காமல் அடுத்த ரூபாயைப் போடாதீர்கள்.

கரண்ட்

புதிய பிளக் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாடல்களில் வழக்கமாகப் போடுவது என்ஜிகே பி7ஹெச்எஸ்-10; முனை இடைவெளி 1.0 மி.மீ. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைத் திரும்ப மாட்டுங்கள். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் அழுத்தி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளைகளில் துணி அடைத்துக்கொள்ளுங்கள்; உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாகச் சடசடத்தால் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பலவீனம்.

ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்கும் வயர் போகும் வகையில், சோதிக்கும்போது இரண்டு பிளக்கும் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும். ஒன்று தொங்கினால் இரண்டிலுமே கரண்ட் வராது. இதைத் தெரியாமல் நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்கள் பலர்.

கரண்ட் அறவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டாப் ஸ்விட்ச். யமஹாவில் அதன் வயர் வெள்ளை. அந்த இணைப்பைப் பிரித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் குற்றவாளி ஸ்விட்ச்தான். ஆனால் அதை அப்படியே பிரித்து வைத்துக் கடலுக்குப் போகாதீர்கள், ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்த வழி இருக்காது. அடுத்து எர்த் வயர்களின் முனை: பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுங்கள். பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி, வயர் நுனியை 5 மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். இதிலேயே பாதிக் கேஸ் முடிந்துவிடும். மீதிக்கு பிளைவீலின் அடியில் உள்ள சார்ஜ் காயில், பல்சர் காயில் இரண்டையும் மல்டிமீட்டரால் அளந்து, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள ஓம் அளவோடு ஒப்பிடுங்கள். சிடிஐயை மீட்டரால் சோதித்து உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே அதை மாற்றுங்கள்.

பிளைவீலைக் கழற்ற நேர்ந்தால் மையத்தில் மூன்று போல்ட் போடும் புல்லர்தான் வேண்டும். விளிம்பைக் கவ்வும் புல்லர் பிளைவீலை வளைத்துவிடும்.

எரிபொருள்

தொட்டியில் எஞ்சியிருக்கும் பழைய பெட்ரோலை முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் கார்ப்பரேட்டருக்குள்ளும் அதே வார்னிஷ்தான். தொட்டியைக் காலி செய்து, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது இளக்கிவிடும். ஆகவே குழாய், அதன் நடுவில் உள்ள ரப்பர் கை பம்ப், இரு முனை இணைப்பான்களின் ஓ-ரிங் எல்லாவற்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். கை பம்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும்.

கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் நாலாபுறமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக சோக், திராட்டில் கம்பிகளின் இடம். பிறகு:

1. ஐடில் (மெது ஓட்டம்) கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை உள்பக்கமாக மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தித் திருகினால் ஊசிமுனை நசுங்கும். குறித்த பிறகு முழுதாகக் கழற்றுங்கள். எண்ணிக்கை தவறிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம்.

2. கீழ்க்கிண்ணத்தைத் திறங்கள். பச்சைப் படிவம் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பழுப்புப் பசை என்றால் பழைய பெட்ரோல்.

3. மிதவையின் அச்சைத் தள்ளி, மிதவையையும் பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியையும் எடுங்கள். ஊசியின் கூர்முனையைச் சுற்றி வளையமாகத் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

4. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள பித்தளைத் திருகான மெயின் ஜெட்டைச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் மட்டும் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, தலை போனால் பெரும்பாடு.

5. ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் நீக்கியபின் உடலைக் கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவிடுங்கள். பின்பு ஒவ்வொரு துளையிலும் ஸ்ப்ரே அடித்து, மறுமுனையில் வெளிவருகிறதா பாருங்கள். வெளிவராத துளை அடைத்த துளை.

ஜெட்டைக் குத்த ஊசியோ கம்பியோ வேண்டாம். துளை மயிரளவு பெரிதானாலும் கலவை கெடும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும், கடற்கரையில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஐடில் துளைதான் ஆக நுண்ணியது, ஆக எளிதில் அடைப்பது. “சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் நிக்குது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

சேர்க்கும்போது புதிய கேஸ்கெட் கிட் போடுங்கள். மிதவையைக் கையால் மேலே பிடித்து, பெட்ரோல் வரும் வழியில் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகக்கூடாது. பெட்ரோல் பம்பின் உள்ளே உள்ள மெல்லிய டயாபிரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தாலோ, விறைத்துச் சுருங்கியிருந்தாலோ மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் என்றால் இன்னொரு வேலை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் சில நிமிடம் மறுபடி பெட்ரோலில் ஓட்ட வேண்டும் என்பதே முறை. பலர் அந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை. அதனால் கார்ப்பரேட்டரோடு, எக்ஸாஸ்ட் வழியிலும் பிஸ்டன் தலையிலும் கரி தடித்துப் போயிருக்கும். ஹெட்டைக் கழற்றி மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழும்.

தண்ணீர் பம்ப்

பழைய மோட்டாரில் இம்பெல்லரை “பார்த்துவிட்டு மாற்றலாம்” என்று நினைக்காதீர்கள். மாற்றுங்கள். சில நூறு ரூபாய் ரப்பருக்காக இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்கள் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். சில மாடல்களில் புரொப்பெல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்பின் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். கீர் கம்பியின் இணைப்பைப் பிரிக்க மறக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடலும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தின்றுவிடும். வெள்ளைத் தூள் அடைத்து, வெல்டு வைத்ததுபோல் இறுகியிருக்கும். அங்கே பலம் காட்டினால் தலை முறியும். டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயை அடித்து ஒரு நாள் விடுங்கள். ஹீட் கன்னால் அலுமினியத்தைச் சூடாக்குங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றுங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. முறிந்துவிட்டால் வீட்டில் டிரில் போடாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது மேல். சேர்க்கும்போது எல்லா போல்ட்டுக்கும் மெரைன் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை அழவேண்டியிருக்காது.

பம்பின் மூடியைத் திறந்து பழைய இம்பெல்லரை எடுங்கள். ஒரு இதழாவது குறைந்தால் அது உள்ளே எங்கோ இருக்கிறது. நீர்க்குழாய்க்குள் எதிர்த்திசையில் காற்றோ தண்ணீரோ அடித்துத் தேடுங்கள். அடியில் உள்ள ஸ்டெயின்லெஸ் தகட்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிரைவ் ஷாஃப்டில் (இன்ஜினிலிருந்து கீருக்கு இறங்கும் தண்டு) உட்கார்ந்து இம்பெல்லரை அதோடு பூட்டும் சிறு உலோகச் சாவி தொலைந்துவிடாமல் பத்திரம். புதிய இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்துங்கள். இதழ்கள் தாமாகச் சரியான பக்கம் மடியும். திரும்ப ஏற்றும்போது தாமிரக் குழாய் பம்பின் ரப்பர் வாயில் நேராக நுழைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்டின் பல்லுக்குப் பக்கவாட்டில் கிரீஸ் போடலாம், உச்சித் தலையில் போடக்கூடாது. அங்கே கிரீஸ் தேங்கினால் ஷாஃப்ட் முழுதாக உட்காராது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 50 டிகிரியைத் தொட்டதும் திறக்கத் தொடங்க வேண்டும். அது உட்காரும் அறையில் உப்பு கட்டியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டி, வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரவு முழுக்க ஊறப் போடாதீர்கள், அமிலம் அலுமினியத்தையும் அரிக்கும்.

கீர் பகுதி

கீழ்த் திருகையும் மேல் திருகையும் திறந்து பழைய ஆயிலை வடியுங்கள். கறுப்பு என்றால் வயசு, பரவாயில்லை. பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முதல் சந்தேகம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். காரணம் அநேகமாக வலை நூல் அல்லது தூண்டில் நரம்பு. அது ஷாஃப்டில் சுற்றி, சூடேறி, சீலின் உதட்டை வெட்டிவிடும். வடிந்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவுபோல் ஒட்டினால் தேய்மானம், செதில் செதிலாக ஒட்டினால் கீர் பல் உடைந்திருக்கிறது.

எஸ்ஏஇ 90 ஹைப்பாய்டு கீர் ஆயில் சுமார் 250 மி.லி. பிடிக்கும். கீழ்த் துளைவழியாகவே பம்ப் செய்து, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றுங்கள். முதலில் மேல் திருகை மூடிவிட்டுத்தான் கீழே உள்ள டியூபை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் புது வாஷர். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு, நிறைந்ததுபோலக் காட்டி ஏமாற்றும்.

அலுமினியத்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீரில் தான் அரிபட்டுக் கரையும் ஜிங்க் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

முதல் ஸ்டார்ட்

200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகட்டுக்கு மேல் 10 செ.மீ.யாவது தண்ணீர் நிற்கும்படி மோட்டாரை இறக்குங்கள். தண்ணீர் இல்லாமல் “ஒரு செகண்ட்” கூட ஓட்டிப் பார்க்காதீர்கள், புது இம்பெல்லர் பொசுங்கும். புரொப்பெல்லர் இன்னும் வெளியேதான்.

டிசி-டபிள்யூ3 (TC-W3) முத்திரையுள்ள அவுட்போர்டு ஆயிலைத்தான் கலக்க வேண்டும். பைக் ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது. முதல் சில லிட்டருக்கு லிட்டருக்கு 40 மி.லி. கலந்து ஓட்டுங்கள். பிறகு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. தொட்டி மூடியின் காற்றுத் திருகைத் திறங்கள், கை பம்ப் கெட்டியாகும்வரை அழுத்துங்கள், கிளிப்பை மாட்டுங்கள், சோக், கயிறு. ஊற்றிய ஆயில் எரிவதால் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை தெருவை மறைக்கும். அது போய்விடும்.

பின்பக்கத் துளையில் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சில நேரம் அடைத்திருப்பது அந்தத் துளை மட்டும்தான். நரம்பால் குத்திப் பாருங்கள். ஹெட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று கொதிக்கக்கூடாது. பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் புகையால் கறுத்த பிளக்குகளைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். டிரம்மில் வைத்து முழு வேகம் கொடுக்க வேண்டாம்.

ஓடிய பிறகு வரும் தொல்லைகள்

ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சுத் திணறி நிற்கிறதா? முதலில் தொட்டியின் காற்றுத் திருகு. மூடியே இருந்தால் உள்ளே வெற்றிடமாகி பெட்ரோல் வராது. வெட்கப்படும் அளவுக்கு எளிய காரணம், அதனாலேயே கடைசியில் பார்க்கிறோம். கை பம்பை அழுத்தும்போது உயிர் வந்து, விட்டால் சோர்ந்தால் பெட்ரோல் பம்ப் டயாபிரமோ, குழாயில் காற்று இழுக்கும் இடமோ.

வேகம் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரின் ரப்பர் புஷ் வழுக்குகிறது. மைய உலோகத்திலும் வெளிப்பகுதியிலும் சேர்த்து ஒரு நேர்க்கோடு பெயின்ட்டால் போட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு விலகியிருந்தால் புஷ்தான்.

பாதி பலம்தான் வருகிறது என்றால், ஓடும்போது காய்ந்த ரப்பர் கையுறையோடு ஒவ்வொரு பிளக் தொப்பியாகக் கழற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். சிடிஐ மோட்டாரில் அது வேண்டாம். நிறுத்திவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒன்று பழுப்பாகக் காய்ந்தும் மற்றது ஈரமாகவும் இருந்தால், ஈரமான சிலிண்டர்தான் எரியவில்லை. பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். ஈரம் பிளக்கோடு போனால் பிளக், அதே சிலிண்டரில் நின்றால் தொப்பி, வயர் அல்லது அந்தப் பக்கக் கம்ப்ரஷன்.

மோட்டார் கடலில் மூழ்கி எடுத்ததாக இருந்தால் எல்லாமே நேரக் கணக்குதான். தண்ணீரிலிருந்து வெளியே வந்து காற்று பட்ட பிறகுதான் பேரிங்கும் கிராங்க்கும் வேகமாகத் துருப்பிடிக்கும். சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பெட்ரோல்-ஆயில் கலவை ஊற்றிச் சுற்றி, அன்றே ஓடவைக்க வேண்டும். அன்று முடியாது என்றால், வெளியே காய விடுவதைவிட நல்ல தண்ணீர் டிரம்முக்குள் முழுதாக மூழ்கடித்து வைத்து மறுநாள் எடுப்பது மேல். மூழ்கும்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கயிற்றை இழுக்குமுன் பிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்ணீரை அழுத்த முயன்று கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

கடலில் முதல் 10 மணி நேரம் ஓடியதும், ஒரு இரவு அசையாமல் நின்ற மோட்டாரின் கீழ்த் திருகைக் காலையில் லேசாகத் தளர்த்தி ஒரு கரண்டி கீர் ஆயிலை வடிய விடுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அதுதான் முதலில் வரும். சுத்தமான ஆயில் வந்தால் திருகை மூடி, வடிந்த அளவுக்கு ஆயிலைச் சேர்த்துவிட்டு, வலைக்குப் போகலாம்.